பினாங்கின் பசுமைக்குப் பின்னால் இருக்கும் புகார்கள்

பினாங்கில் பசுமை பேசாத அலுவலகம் இன்று இல்லை. மாநில அரசு 2011இல் பினாங்கு பசுமை மன்றத்தை அமைத்தது. தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் உள்ள மாநகர் மன்றங்கள் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கின்றன. வங்கிகள் பசுமைக் கடன் தருகின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் கரியமில வாயுவுக்குக் கணக்கு எழுதுகின்றன. இத்தனையும் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால், பல வழிகள் ஒரே இடத்தில் போய் முடியும். யாரோ ஒரு மீனவரோ தோட்டத் தொழிலாளியோ குடியிருப்புக்காரரோ கொடுத்த புகார் அங்கே இருக்கும். இந்த மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரலாறு புகார்களின் வரலாறு. அதில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வீடுகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலிருந்து தொடங்குவதே முறை. பி.ப.சங்கம் என்றால் எடை குறைந்த அரிசிக்கும் ஏமாற்றிய கடைக்காரருக்கும் புகார் கொடுக்கும் இடம் என்றுதான் பலருக்குத் தெரியும். அது சரிதான், ஆனால் அரைகுறை. 1970களின் தொடக்கத்திலேயே அந்தச் சங்கம் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டது: காசு கொடுத்து வாங்கும் பொருள் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, காசு கொடுக்காமல் கிடைக்கும் காற்றும் ஆறும் கெட்டால் அதுவும் பயனீட்டாளரின் பிரச்சினைதான். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ் பேசிய வணிகர். 2019 மே மாதம் தம் 92ஆம் வயதில் மறையும்வரை அவர் இந்தப் பணியை விடவில்லை. சங்கம் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் எழுதியது. அதனால்தான் ஆங்கிலம் தெரியாத ஒரு தோட்டத்து அம்மாவும் அங்கே போய் உட்கார்ந்து பேச முடிந்தது.

அந்தக் காலத்துக் கதைகளில் கோல ஜூரு முக்கியமானது. செபராங் பிறையில், ஜூரு ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மீனவர் கிராமம் அது. பிறையில் தொழிற்பேட்டை வந்தபின் கழிவு ஆற்றில் இறங்கியது. மீன் செத்தது, வலை வெறுமையாக வந்தது. நாட்டின் மிக மாசடைந்த ஆறுகளில் ஒன்று என்ற பெயரும் ஜூருவுக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் பி.ப.சங்கத்தின் துணையோடு மனு எழுதினார்கள், அதிகாரிகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். அதோடு நிற்காமல் கூட்டுறவாகச் சேர்ந்து சிப்பி வளர்ப்பில் இறங்கினார்கள். பசுமைப் பொருளாதாரம் என்று நாம் இன்று கருத்தரங்கு வைத்துப் பேசுவதை, அந்தப் பெயர் தெரியாமலேயே, ஓர் ஆற்றோரக் கிராமம் அன்றே செய்து பார்த்தது.

கோல ஜூரு போன்ற வழக்குகள் குவிந்தபோது தனி அமைப்பு தேவைப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பிறந்தது அப்படித்தான். சரவாக் காட்டு மக்களோடு நின்று மரம் வெட்டலை எதிர்த்ததற்காக 1988இல் ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது அதற்குக் கிடைத்தது. அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டியவர் மீனாட்சி ராமன். வழக்கறிஞர். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை கதிரியக்கக் கழிவை விட்டதை எதிர்த்து ஊர்மக்கள் வழக்குப் போட்டபோது, அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர். 1987இல் அரசு பலரை விசாரணையின்றிப் பிடித்துவைத்த ஓப்ஸ் லாலாங் கைது நடவடிக்கையில் அவரும் பிடிபட்டார். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. நீதிமன்றத்தில் தோற்றும் ஆலையை மூட வைத்த போராட்டம் அது. பின்னாளில் மீனாட்சி, உலகளாவிய பூமியின் நண்பர்கள் அமைப்புக்கே தலைவராக இருந்தார். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

இதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை, 1984இல் தொடங்கிய மூன்றாம் உலக வலையமைப்பு. 2020இல் மறைந்த மார்ட்டின் கோர் அதை நெடுநாள் நடத்தியவர். ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளிடம் என்ன கேட்கின்றன, அதில் எது நியாயம் என்று வரிவரியாகப் பிரித்துச் சொல்லும் வேலை அதற்கு. பினாங்கில் அமர்ந்துகொண்டு ஜெனீவாவிலும் ஜெர்மனியின் பான் நகரிலும் நடப்பதைக் கவனிக்கிறார்கள்.

இனி, நமக்கு மிக நெருக்கமான ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் அடியில் முளைக்கும் களையை இரண்டொரு நாளில் கருகவைக்கும் மருந்து. அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள். முதுகில் மருந்துப் பம்பு, ஒரு கை நெம்புகோலை மேலும் கீழும் அழுத்த, மறு கை குழாயைப் பிடிக்கும். பம்பின் மூடி சரியாக மூடாவிட்டால் மருந்து முதுகில் வழியும். காற்று திரும்பினால் முகத்தில் படும். முகமூடி கொடுத்த இடத்திலும் அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாது. நகம் நிறம் மாறி விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது, தோல் புண்ணானது. விழுங்கிவிட்டால் இதற்கு மாற்று மருந்தே கிடையாது. தோட்டப்புறத் தற்கொலைகளில் இந்த மருந்துக்கு இருந்த இடமும் நமக்குத் தெரிந்ததுதான்.

1982 மே மாதம் பினாங்கில் கூடிய கூட்டத்தில்தான் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான பன்னாட்டு வலையமைப்பு உருவானது. அன்வார் ஃபசால் போன்ற பினாங்கின் பயனீட்டாளர் இயக்கத்தினர் அதற்குப் பின்னால் இருந்தார்கள். அதே ஆண்டு அவருக்கும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அந்த வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவு இன்றும் பினாங்கில்தான் இயங்குகிறது. பல்லாண்டுகள் அதை வழிநடத்தியவர் சரோஜினி ரெங்கம். கோலாலம்பூரின் தெனகனித்தா என்ற பெண் தொழிலாளர் உரிமை அமைப்போடு சேர்ந்து அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய், மருந்து அடிக்கும் பெண்களின் வாயால் அவர்கள் உடம்பில் நடப்பதைக் கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கை 2002இல் வெளிவந்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோட்டத் தொழில்துறையினர் மாற்று மருந்து செலவு அதிகம் என்று வாதாடினார்கள். 2006இல் தடை தளர்த்தப்பட்டது. அப்புறம் மீண்டும் ஆய்வு, மீண்டும் கடிதம், மீண்டும் கூட்டம். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் பாராகுவாட் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் மருந்து அடித்த உடம்புகளின் கணக்கை எந்தப் பசுமை அறிக்கையும் எழுதவில்லை. இப்போது அந்தப் பம்பைச் சுமப்பவர்களில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் அம்மாக்கள் இறக்கி வைத்த சுமை அவர்கள் முதுகுக்குப் போயிருக்கிறது. மருந்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பசுமைப் பொருளாதாரம் என்பதை அளக்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இதன் செலவு யார் தலையில் விழுகிறது? இந்தக் கேள்வியைப் பினாங்கின் பெருமைகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

பெருமைகள் உண்மையானவை. 2009இல் வாரத்துக்கு ஒரு நாள் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் என்று கொண்டுவந்தார்கள். பை வேண்டுமானால் 20 காசு. அந்தக் காசு பரம ஏழைகளுக்கான நிதிக்குப் போனது. பின்னர் அது ஒரு வெள்ளியானது. வாரத்தில் சில நாட்கள் விலைக்கும் கிடைக்காது என்றானது. நாட்டிலேயே முதலில் இதைச் செய்த மாநிலங்களில் பினாங்கு ஒன்று. குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் விதி 2017 ஜூன் முதல் அமலுக்கு வந்தது. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2022இல் சுமார் 33 விழுக்காடாக இருந்தபோது பினாங்கு ஏற்கெனவே 40ஐத் தாண்டியிருந்தது. ஞாயிறு காலையில் பழைய தாளையும் புட்டியையும் தரம்பிரிக்கும் ச்சு ச்சி என்ற பௌத்த அறநிறுவனத்தின் தொண்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்று புரியும். வயதான சீனப் பாட்டிமார்கள் உட்கார்ந்து புட்டி மூடியைத் தனியாகக் கழற்றிப் போடுவார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

சரி, மிச்சக் குப்பை எங்கே போகிறது? தீவின் குப்பை பத்து மாவுங்கில் சேர்க்கப்பட்டு, படகில் ஏற்றப்பட்டு, கடல் தாண்டி நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. செபராங் பிறையின் குப்பையும் அங்கேதான். சுற்றிலும் சதுப்புக்காடு, மீனவர் கிராமங்கள், பைராம் தோட்டம். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. தீவில் இருந்தவர்களுக்கு அது செய்தி. அங்கே இருந்தவர்களுக்கு அது மூச்சு. தீவின் தெருக்கள் சுத்தமாக இருப்பதற்கான விலையில் ஒரு பங்கைத் தென் செபராங் பிறை கட்டிக்கொண்டிருக்கிறது. மாநில அளவிலான விழுக்காட்டில் இது தெரியாது.

வெளிநாட்டுக் குப்பையின் கதையும் இப்படித்தான். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அது மலேசியாவை நோக்கித் திரும்பியது. உரிமமில்லாத ஆலைகள் பிறையிலும் பக்கத்துக் கெடாவின் சுங்கை பட்டாணியிலும் முளைத்தன. இரவில் எரிந்த பிளாஸ்டிக்கின் நாற்றத்தால் தூக்கம் கெட்ட குடியிருப்பாளர்கள்தான் முதலில் குரல் எழுப்பினார்கள். சஹாபாட் ஆலாம் போன்ற அமைப்புகள் அதை எடுத்துச் சென்றன. 2020 ஜனவரியில் 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவு, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அமைச்சர் அறிவித்தார். அவற்றில் பெரும்பாலானவை பினாங்குத் துறைமுகத்தில் இருந்தவை. மறுசுழற்சி என்ற நல்ல பெயரில் வந்த தொழில்தான் அதுவும்.

தென் தீவுக் கடல் நிரப்பும் திட்டம் இதைவிடச் சிக்கலானது. பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் பக்கத்துக் கடலில் மூன்று செயற்கைத் தீவுகள், மொத்தம் 4,500 ஏக்கர் என்று தொடங்கினார்கள். பசுமை நகரம், கார்பன் குறைந்த வாழ்க்கை என்றுதான் அதற்கும் விளம்பரம். அந்தக் கடலில் இறால் பிடித்து வாழும் மீனவர்கள் முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021இல் சுற்றுச்சூழல் அறிக்கைக்கான ஒப்புதல் ரத்தானது. பிறகு புதிய அறிக்கை, புதிய ஒப்புதல். 2023இல் ஒரே தீவாக, 2,300 ஏக்கராகத் திட்டம் சுருக்கப்பட்டு, வேலையும் தொடங்கியது. வேலைவாய்ப்பும் நிலமும் வேண்டும் என்கிற வாதத்தை நான் ஒதுக்கவில்லை; மின்னணுச் சிப்புத் தொழிற்சாலைகள்தான் இந்த மாநிலத்தின் சோறு. ஆனால் இறால் விளையும் கடலை மூடிவிட்டு அதன்மேல் கட்டும் நகரத்துக்குப் பசுமை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசுப் பக்க வளங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைக்க நினைப்பவர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த செடா என்ற நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தின் அறிவிப்புகளைப் பார்க்கவேண்டும். மின்சாரத்தைத் திருப்பி விற்கும் திட்டங்களின் பெயரும் கணக்கு முறையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. தகடு விற்க வருபவர் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடவேண்டாம். சிறுதொழில் செய்வோருக்கு 2010இல் தொடங்கிய பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம் உண்டு. வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்கும், கடனின் ஒரு பங்குக்கு உத்தரவாதமும் தரும். நம் அச்சகக்காரர்களும் உணவுத் தொழில் செய்வோரும் இதைத் தேடிப் போவது அரிது.

அறிவியல் பக்கம் பினாங்கு கொடுத்துவைத்த ஊர். தெலுக் பகாங்கைத் தாண்டி முக்கா ஹெட்டில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் இருக்கிறது. 2005இல் ஐ.நா. பல்கலைக்கழகம் உலகில் முதன்முதலாக அங்கீகரித்த ஏழு நிலைத்தன்மைக் கல்வி மையங்களில் ஒன்று பினாங்கு. ஏழை நாடுகளின் மீன்வளத்தை ஆராயும் வோர்ல்ட்ஃபிஷ் நிறுவனத்தின் தலைமையகம் பத்து மாவுங்கில். கொடிமலை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்றுத் தண்ணீர். அதன் தலைமாட்டில் உள்ள உலு மூடா காட்டில் மரம் வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கெடா அரசு, பினாங்கு அல்ல. நிலமும் காடும் அந்தந்த மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வருபவை. பினாங்கின் பசுமைத் திட்டங்களில் மிகப் பலவீனமான கண்ணி இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் சமூகத்துக்குள் வருவோம். பி.ப.சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில்களிலும் வீட்டுத் தோட்டம், மண்புழு உரம், பஞ்சகவ்யம் என்று சொல்லிக்கொடுத்து வருகிறார். செய்முறை எளிது. மீன் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சந்தையில் வீசப்படும் மீன் குடலும் செவுளும் ஒரு கிலோ, அதே எடைக்குக் குலா மேரா வெல்லம். இரண்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நிழலில் வைத்து, இடையிடையே மூடியைத் தளர்த்திக் காற்றை விடவேண்டும். ஒரு மாதத்தில் குடல் கரைந்து பழுப்பு நிறச் சாறாகும். மீன் நாற்றம் போய்ப் பழ வாடை வரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து கத்தரிக்கும் வெண்டைக்கும் தெளிக்கலாம். கடை உரத்துக்குப் போகும் காசும் மிச்சம், குப்பைமேட்டுக்குப் போகும் எடையும் குறைவு.

தைப்பூசத்தையும் சொல்லாமல் விடமுடியாது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல்களின் அன்புக்கு ஈடில்லை. ஆனால் மறுநாள் சாலையோரம் கிடக்கும் குவளைகளும், இரதத்தின் முன் உடைத்த தேங்காயை இயந்திரம் கொண்டு அள்ளும் காட்சியும் மனத்தை உறுத்துகின்றன. தேங்காயின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி பி.ப.சங்கம் கேட்டபோதெல்லாம் சிலர் கோபப்பட்டார்கள். நேர்த்தியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு தேங்காயிலும் நேர்த்தி நிறைவேறும் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்தக் குவியலும் ஏதோ ஒரு குப்பைமேட்டில்தான் போய்ச் சேரவேண்டும்.

கடைசியாக, இந்த அமைப்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்பது. புகார் தோற்பதற்கு முதல் காரணம் தவறான கதவைத் தட்டுவது. தொழிற்சாலைப் புகை, கழிவுநீர், திறந்தவெளி எரிப்பு ஆகியவை மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு உரியவை. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு. குப்பையும் தெருச் சாக்கடையும் மாநகர் மன்றத்துக்கு. மலைச்சரிவை வெட்டுவதும் மாநகர் மன்றத்தின் திட்டப் பிரிவுக்குத்தான். உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்பப் போகிறது, அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வரவில்லை என்றால், பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரவேண்டும். 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். மலாய் மொழியில் வரும் அந்தக் கடிதத்தை ஏதோ விளம்பரம் என்று மேசைமேல் போட்டுவிட்டு வாய்ப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; யார் வேண்டுமானாலும் படித்துக் கருத்து எழுதலாம்.

எழுதும்போது கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சாலை, காற்று எந்தப் பக்கம் அடித்தது, தண்ணீர் என்ன நிறம், எத்தனை வீட்டில் யாருக்கு என்ன செய்தது. படமெடுத்தால் அடையாளம் தெரியும்படி ஒரு மின்கம்பமோ கடைப் பலகையோ படத்தில் இருக்கட்டும். ஒருமுறை நடந்ததை எழுதுவதைவிட, இரண்டு வாரம் குறித்துவைத்த பட்டியலுக்கு மதிப்பு அதிகம். அக்கம்பக்கத்தார் கையெழுத்தும் வேண்டும். நம் ஆட்கள் மட்டுமின்றி மலாய்க்காரர், சீனர் கையெழுத்தும் சேர்ந்தால் கடிதத்தை யாரும் ஒரு பிரிவினரின் முணுமுணுப்பு என்று ஒதுக்க முடியாது. கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு பி.ப.சங்கத்துக்கோ சஹாபாட் ஆலாமுக்கோ போகலாம். தமிழிலேயே பேசலாம்.